நான்காவது வருடத்துச் சம்பளம்

சபைக்குழு உறுப்பினர்களுக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும் வணக்கம்.

சபையாரின் உடல்நலத்தைக் கவனிக்கச் சபையே அமர்த்தும் சபை நர்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு போதகர் நன்கொடை கேட்டு ஊர் ஊராகப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். 1822-ல் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூருக்கு தியோடர் ஃபிளீட்னர் போதகராக வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே ஊருக்குச் சோறு போட்ட வெல்வெட் ஆலை திவாலானது. சபையாருக்குப் பிழைப்பில்லை, சபையை நடத்தக் காசில்லை. அவர் வேறு இடம் தேடிப் போகவில்லை. ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் நன்கொடை கேட்டார். பணம் கிடைத்தது. ஹாலந்தில் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில் ஏழைகளையும் நோயாளிகளையும் கவனித்துவந்த டீக்கனஸ் என்ற சபை ஊழியப் பெண்களையும் அந்தப் பயணத்தில்தான் பார்த்தார். 1836-ல் கைசர்ஸ்வெர்த்தில் ஒரு வீட்டை வாங்கி, டீக்கனஸ்களுக்கு நர்ஸ் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1851-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வந்து பயிற்சி பெற்றது அங்கேதான். சபைக்காகப் பணம் கேட்பதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறதே, அது இந்தக் கதையைக் கேட்டபிறகாவது போகட்டும்.

ஃபிளீட்னரே 1849-ல் நான்கு டீக்கனஸ்களை அமெரிக்காவுக்கு, பிட்ஸ்பர்க் நகருக்கு அழைத்து வந்தார். பின்னால் சிகாகோவில் நார்வே லுத்தரன்கள் நடத்திய டீக்கனஸ் மருத்துவமனையின் வழியில் வந்ததுதான் சிகாகோவுக்குப் பக்கத்தில் பார்க் ரிட்ஜில் உள்ள லுத்தரன் ஜெனரல் மருத்துவமனை. 1980-களின் நடுவில் அங்கே கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லுத்தரன் போதகர், ஆறு சபைகளில் ஆறு நர்ஸ்களை அமர்த்தினார். சபை நர்ஸ் என்று இன்று நாம் சொல்வது அங்கே பிறந்தது.

அவர் பணத்துக்குச் செய்த ஏற்பாட்டை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் நர்ஸின் சம்பளத்தில் முக்கால் பங்கு மருத்துவமனை, கால் பங்கு சபை. இரண்டாம் வருடம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வருடம் மருத்துவமனை கால் பங்கு. நான்காம் வருடம் முழுச் சம்பளமும் சபையின் பொறுப்பு. முதல் மாதமே காணிக்கைப் பணத்திலிருந்து ஒரு பகுதி போனதால், இவர் நம்முடைய நர்ஸ் என்ற எண்ணம் சபையாருக்கு முதல் மாதமே வந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சபைக்கு மூன்று வருடத்துக்கு முழு மானியம் வந்தது. சபை ஒரு டாலர்கூடப் போடவில்லை. மூன்றாம் வருடம் முடிந்ததும் நர்ஸ் நின்றுவிட்டார். அவருடைய அறை நாற்காலிகள் அடுக்கும் அறையானது. அங்கே வாராவாரம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்ட முதியவர்களை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

மானியம் எதற்கு, இன்சூரன்ஸ் கொடுக்காதா என்று கேட்பீர்கள். கொடுக்காது. சபை நர்ஸ் ஊசி போடுவதில்லை, புண்ணுக்குக் கட்டுப் போடுவதில்லை. டாக்டர் சொன்னதைப் புரியவைப்பார், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், எந்த அலுவலகத்தில் எந்த உதவி கேட்கலாம் என்று வழிகாட்டுவார், கூட உட்கார்ந்து ஜெபிப்பார். முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் இதற்குக் கட்டணம் கிடையாது. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு பாட்டி, விலை கட்டுப்படியாகாததால் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதாக மெல்லச் சொல்வார். டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டார். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு எந்த பில்லில் கட்டணம் எழுத முடியும்?

அதனால்தான் இந்த நாட்டில் சபை நர்ஸ்களில் பலர் சம்பளமே இல்லாமல் வேலை பார்க்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஊழியம் என்ற சொல்லைச் சொல்லியே ஒரு நர்ஸுக்குக் கூலி கொடுக்காமல் இருப்பது சரியில்லை. 1990-களின் கடைசியிலேயே அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் சபை நர்ஸ் வேலையைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது.

சரி, பணம் எங்கே கேட்கலாம்? என் எண்ணத்தில் முதல் இடம் பக்கத்து மருத்துவமனை. லாபநோக்கமற்ற மருத்துவமனைகள் வரிவிலக்குக்கு ஈடாகச் சுற்றுவட்டார மக்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த வட்டாரத்தின் சுகாதாரத் தேவைகளை ஆய்வு செய்து வெளியிட வேண்டும் என்று 2010 சுகாதாரச் சட்டமும் சொல்கிறது. அந்த அறிக்கையை வாங்கிப் படியுங்கள். அதில் நீரிழிவு என்று இருந்தால், உங்கள் மானிய மனுவும் நீரிழிவிலிருந்தே தொடங்கட்டும்.

மத்திய அரசின் நேரடி மானியம் என்றால் ஒரு கவனம் தேவை. அந்தப் பணத்தில் ஜெபமும் வேதபாடமும் நடத்தக் கூடாது. அவற்றை வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். சபை நர்ஸின் வேலையில் இரண்டும் பின்னிக் கிடப்பதால் இது லேசான காரியமில்லை. அந்த ஜெபத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. ஆகவே ஜெப நேரத்துச் சம்பளத்தைச் சபை தன் காணிக்கையிலிருந்து கொடுக்கட்டும், நர்ஸ் இரண்டு நேரங்களுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதட்டும் என்பேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மனு எழுத உட்காரும்போது நான்காவது வருடத்து வரவு செலவை முதலில் எழுதுங்கள். அந்த வருடச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று சபைக்குழு கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டபிறகு முதல் வருடத்துக்கு வாருங்கள். சாப்பாட்டு இடைவேளையில் நான் ஜன்னலோர மேசையில் இருப்பேன். உங்கள் சபையின் பட்ஜெட் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.