மொய் யார் வீட்டுக்கு?

நண்பர்களே, வணக்கம். சூது என்றதும் தருமர் கதையில் ஆரம்பிப்பேன் என்று முன்வரிசை எதிர்பார்க்கிறது. தருமரை விடுங்கள். நான் பேச வந்தது சொத்து வரியைப் பற்றி.

மாசசூசெட்ஸ் மாநிலம் டான்டனில், 24-ம் 140-ம் நெடுஞ்சாலைகள் கூடுகிற பக்கத்தில், மாஷ்பி வாம்பனோக் பழங்குடியினர் காசினோ கட்டத் திட்டம் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. 2015-ல் மத்திய அரசு டான்டனிலும் மாஷ்பியிலுமாக 321 ஏக்கரை அவர்களுக்காகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். இழுபறி நீண்டது. 1620-களிலேயே ஆங்கிலேயக் குடியேறிகளைச் சந்தித்த மக்களின் வழிவந்தவர்கள் இவர்கள். அரசு அங்கீகரித்ததோ 2007-ல்!

சரி, காசினோ வந்தால் என்ன ஆகும்? ஜோசியம் தேவையில்லை. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் லெட்யார்ட் இருக்கிறது. சுமார் 15,000 பேர் வாழும் ஊர். அங்கே பீக்வாட் என்ற பழங்குடி மக்களுக்கு மிஞ்சியிருந்தது 200 ஏக்கர் சொச்சம். 1970 வாக்கில் அதை விடாமல் காத்துக்கொண்டிருந்தவர்கள் வயதான சகோதரிகள் இருவர். 1986-ல் பிங்கோ என்ற எண் விளையாட்டுச் சூது வந்தது, 1992-ல் ஃபாக்ஸ்வுட்ஸ் காசினோ. அமெரிக்க வங்கிகள் கையை விரித்தபோது கடன் கொடுத்தவர் லிம் கோ டொங். மலேசியத் தமிழர்களுக்குத் தெரியும்: கெந்திங் மலைக் காசினோக்காரர். அதே கெந்திங்தான் டான்டன் திட்டத்துக்கும் பணம் போட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பனிப்போர் முடிந்து, பக்கத்து க்ரோட்டனில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் வேலை குறைந்திருந்த நேரம் அது. காசினோ பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. இதை மறைத்துப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

ஆனால் அந்த நிலத்துக்கு ஊர் சொத்து வரி போட முடியாது. பழங்குடி என்பது அங்கே கம்பெனி இல்லை, ஓர் அரசாங்கம். 1993-ல் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள்: ஸ்லாட் மெஷின் வருமானத்தில் 25 சதவீதம் மாநிலத்துக்கு. மாநிலம் அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, தன் 169 ஊர்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. பந்தி நம் வீட்டு வாசலில், மொய் ஊரெல்லாம்!

சுமை எங்கே போகிறது என்று பார்க்க, லெட்யார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நார்விச்சுக்குப் போங்கள். 2001 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் சைனாடவுனில் வேலை இழந்த சீனர்கள் பலர் காசினோ வேலை தேடி அந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு குடும்பத்துக்கான வீட்டில் பலர். ஒருவர் ஷிப்டு முடிந்து வந்து படுக்க, இன்னொருவர் எழுந்து போவார். பள்ளியில் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர் வேண்டும். அந்தச் சம்பளம் ஊர் வரியிலிருந்து. அந்தப் பெற்றோர் மேல் எனக்குக் குறை இல்லை. நாமும் அப்படி வந்தவர்கள்தானே.

அப்புறம், பேசாமல் விடுகிற விஷயம் ஒன்று. வழிப்பறியைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கனெக்டிகட் அரசே கேட்டு வாங்கி 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது வேறு: காசினோ வந்த பிறகு கையாடல் கைதுகள் பல மடங்கு கூடியிருந்தன. கணக்கு எழுதுகிற கை அது, கத்தி பிடித்த கை இல்லை.

டான்டன் நகரமும் 2012-ல் பழங்குடியினரோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த நகரசபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் போனால் பில் யாருக்கு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். பாவ புண்ணியம் பேச அங்கே ஏற்கெனவே நிறையப் பேர் வருவார்கள்.