கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

பித்தப்பையில் கல் இருக்குமோ என்று சேலம் ஐந்து ரோடு பக்கம் போய் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். கல் இருக்காது. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும்: கல்லீரலின் வலது பக்கம் 14 மில்லிமீட்டரில் ஒரு 'சிம்பிள் சிஸ்ட்', அதாவது சாதாரண நீர்க்கட்டி. அன்றைக்கு ராத்திரியே வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். குடித்ததால் வந்ததா, எண்ணெய்ப் பலகாரத்தாலா?

இரண்டாலும் இல்லை. குடி கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், கடைசியில் சுருங்கவும் வைக்கும். இந்த நீர்க்கட்டியை மட்டும் உண்டாக்காது. கருவில் கல்லீரல் உருவாகும்போது பித்தநாளங்கள், அதாவது பித்தநீர் ஓடும் குழாய்கள், கிளைவிட்டுப் பரவுகின்றன. ஏதாவது ஒரு கிளை மற்றவற்றோடு சேராமல் தனியே நின்றுவிட்டால், அதன் உட்சுவர் சுரக்கும் நீருக்குப் போக்கிடம் இல்லை. வருஷக்கணக்கில் தேங்கி, பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான் கண்ணில் படுகிறது. பெண்களிடம் கூடுதல்.

கல்லீரல் முழுக்கக் கட்டிகளாக இருந்தால் கதை வேறு. அது பரம்பரையாக வருவது. சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கல்லீரலில் கட்டி என்று ரிப்போர்ட்டோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் ஆடு, நாய் உண்டா?" என்றுதான். ஸ்கேனுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முறைப்பார்கள். மேச்சேரி ஆட்டுக்குப் பேர் போன மாவட்டம் நம்முடையது, கேட்காமல் இருக்க முடியுமா? ஆடு அறுத்த இடத்தில், கட்டி இருக்கிற ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குத் தூக்கிப் போடுகிறோம். அதன் குடலில் எகினோகாக்கஸ் என்ற நாடாப்புழு வளர்கிறது. நீளம் சில மில்லிமீட்டர்தான். முட்டைகள் நாயின் மலத்தோடு மண்ணுக்கும் கீரைக்கும் போகின்றன, நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. கழுவாத கை வழியாக நம் வயிற்றுக்குள் போனால், குடலைத் துளைத்து ரத்தத்தோடு கல்லீரலில் வந்து தங்கி, ஹைடாடிட் என்ற கட்டியாக மெதுவாக வளரும். மட்டன் சாப்பிட்டால் வருமா என்றால், வராது. வழி நாயிடமிருந்துதான்.

ஸ்கேனில் பைக்குள் குட்டிப் பைகள், மிதக்கும் சவ்வு, சுவரில் சுண்ணாம்புப் படிவு, இதில் எது தெரிந்தாலும் சந்தேகம் வர வேண்டும். "ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அந்த நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். வயிற்றுக்குள் புதுக் கட்டிகளும் முளைக்கலாம். அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுத்து, எல்லா ஏற்பாட்டோடும் செய்ய வேண்டிய வேலை அது.

காய்ச்சலும் குளிரும் வலியும் சேர்ந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். நாள் கடத்தக் கூடாது. கட்டிக்குள் தடுப்புச் சுவரோ தடித்த சுவரோ இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் புற்றுநோய் வகை இல்லை என்று உறுதி செய்துகொள்வோம்.

சரி, சாதாரணச் சின்னக் கட்டிக்கு என்ன வைத்தியம்? ஒன்றும் வேண்டாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்தாலும் கரையாது. பெரிதாகி வலப்பக்கம் பாரமாக இருந்தாலோ, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டாலோதான் அறுவை பற்றிய பேச்சே வரும். நீரை மட்டும் உறிஞ்சினால் மறுபடி நிரம்பிக்கொள்ளும் என்பதால், வயிற்றில் சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப் வழியே கட்டியின் மேல்சுவரை வெட்டித் திறந்துவிடுவார்கள்.