பத்தியம் கேட்காத வயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

சீலியாக் நோயைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது, நான் டாக்டர் இல்லையே என்றேன். ஒன்பது வருஷமாக அந்த நோய்க்கான பத்தியத்தில் இருக்கிறவள், அவ்வளவுதான். அதுவே போதும் என்றார்கள். குளூட்டன் எதிலெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் போட நான் வரவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பத்தியம் இருந்தும், ஆறு மாதம், எட்டு மாதம் ஆகியும், வயிற்று உப்புசமும் அசதியும் விடாமல், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களோடுதான் எனக்குப் பேச்சு.

புதிதாகக் கேட்கிறவர்களுக்காக மட்டும் கொஞ்சம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், அவர்களுடைய நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. உலகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது.

இதற்கு உணவில்தான் வைத்தியம் இருக்கிறது என்று லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1887-லேயே சொல்லிவிட்டார். எந்த உணவு என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் அங்கே ரொட்டிக்குப் பெரும் பஞ்சம். ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமையை விலக்க வேண்டும் என்று டிக்கே 1950-ல் தன் ஆய்வேட்டைக் கொடுத்தார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் சொன்ன பத்தியம்தான் இன்றைக்கும் வைத்தியம்.

எங்கள் சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு மாத்திரை சாப்பிட்டும் நோய் குறையவில்லை என்றால், மருந்து கேட்கவில்லை என்கிறோம். டாக்டரும் வேறு மாத்திரை எழுதித் தருவார். பத்தியம் கேட்கவில்லை என்றால் மட்டும் குற்றம் பத்தியத்தின்மேல் விழாது, சாப்பிட்டவர்மேல் விழும். பத்தியம் தொடங்கிய எட்டாம் மாதம் நான் போய் நின்றபோது, டாக்டர் என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "பத்தியத்தை எங்கேயாவது முறிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது திருடினாயா என்று கேட்டதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம் இன்னும் மோசம். ரோஷத்தில் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தேன். முதலில் முட்டை, அப்புறம் தக்காளி, அப்புறம் பருப்பு. எதைச் சாப்பிட்ட அன்றைக்கு வலித்ததோ அதற்குத் தண்டனை. இரண்டு மாதத்தில் பதினோரு பொருள் போயிற்று. நாலு கிலோ எடையும் போயிற்று. வலி மட்டும் அப்படியே இருந்தது.

எனக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. குடல் ஆற நாளாகும். ரத்தத்தில் டி.டி.ஜி. என்று ஒரு எதிர்ப்பொருளை அளப்பார்கள். அது சரியான அளவுக்கு இறங்கவே ஆறு மாதம், ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குடல்சுவர் இன்னும் மெதுவாக ஆறும். பெரியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. பத்தியம் தொடங்கி இரண்டு வருஷத்தில் குடல் ஆறியிருந்தவர்கள் நூற்றுக்கு 34 பேர்தான், ஐந்து வருஷத்தில் 66 பேர். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறிவிடும். எட்டாம் மாதத்தில் அழுதுகொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அந்தப் பதினோரு பொருளில் பாதியாவது தட்டில் மிஞ்சியிருக்கும்.

சரி, காத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. பத்தியம் இருந்தும் குறையாதவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் என்னவென்று பார்த்தால், தெரியாமல் உள்ளே போகும் குளூட்டன்தான். எவ்வளவு போனால் கெடுதல்? இத்தாலியர்கள் நடத்திய ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோதே குடல்சுவர் பாதிக்கப்பட்டது. சாதாரண ரொட்டித்துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்குதான் அந்த 50 மில்லிகிராம். தட்டிலிருந்து நாம் ஊதித் தள்ளுகிற துணுக்கு அது. 'கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்று விருந்தில் அன்போடு வற்புறுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள்.

என் வீட்டில் அது எங்கே இருந்தது தெரியுமா? மாவு சலிக்கும் சல்லடையில். பழைய சல்லடை, கம்பி வலையை விளிம்பில் மடித்து அடித்தது. முன்பு கோதுமை மாவு சலித்தது, இப்போது அரிசி மாவு சலிக்கிறது. நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் வைத்திருந்தேன். டயட்டீஷியன் வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், சல்லடையில் நின்றுவிட்டார். அன்று சாயங்காலம் ஒரு கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் சல்லடையைக் கவிழ்த்து, விளிம்பைக் கரண்டிக் காம்பால் தட்டினேன். பொடி கொட்டியது. பழுப்பேறி, கட்டிகட்டியாக, வருஷக்கணக்கில் அந்த மடிப்புக்குள் உட்கார்ந்திருந்த மாவு. அதில் எவ்வளவு கோதுமை, எவ்வளவு அரிசி என்று யார் கண்டது? துணியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. முட்டையைத் தண்டித்திருக்கிறேன்!

சல்லடை போலவே மரக்கரண்டி, டோஸ்டர், பலதும் பொரித்த எண்ணெய், ஒரே இயந்திரத்தில் மாற்றி மாற்றி அரைத்த மாவு. மால்ட் என்று லேபிளில் இருந்தால் பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் கோதுமை சேர்ப்பது சகஜம். மாத்திரைகளில் குளூட்டன் உண்டா என்றும் மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுவிடலாம். குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பாக்கெட்டில்கூட, சர்வதேச வரையறைப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம். அது பயப்படுகிற அளவு இல்லை.

சல்லடை மாறியது, டி.டி.ஜி. இறங்கியது. உப்புசம் மட்டும் போகவில்லை. இப்போது மாட்டியது பால். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் பால் செரிக்காது. ஐந்து மாதம் நிறுத்தினேன், குடல் ஆற ஆறத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். இப்போது காலையில் பால் விட்ட காபிதான். எதையாவது விடுவதானால் இப்படி விட வேண்டும் என்பது என் கட்சி: காரணம் தெரிந்து, ஒன்றே ஒன்றை, திரும்பச் சேர்க்கும் நாளையும் குறித்துக்கொண்டு.

எல்லோருக்கும் பாலாக இருக்காது. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம், கணையம் சரியாகச் சுரக்காமல் இருக்கலாம், அசதிக்குத் தைராய்டோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். இதெல்லாம் டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவை. பத்தியத்தையும் மீறி நோய் அடங்காத வகை ஒன்று உண்டு. அது மிக அபூர்வம். ஆனாலும் எடை குறைந்துகொண்டே போனால், மலத்தில் ரத்தம் வந்தால் நாள் கடத்தாதீர்கள்.

பரிசோதனையே செய்யாமல், தானாகவே குளூட்டனை நிறுத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி நிறுத்திய 59 பேருக்கு நார்வேயில் குளூட்டனையும், ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தையும், இரண்டும் இல்லாததையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. அதிகம் தொல்லை கொடுத்தது ஃபிரக்டான். அது கோதுமையில் இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும்கூட இருக்கிறது. உங்கள் வயிற்றுக்கு எதிரி குளூட்டன்தானா என்பதே இன்னும் முடிவாகாத கேள்வியாக இருக்கலாம். குளூட்டனை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் முடிவு தப்பாக வரலாம். அதனால் நிறுத்தியிருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எரிச்சலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "எல்லாத்தையும் விட்டுட்ட, இன்னும் வலிக்குதுன்னா மனசுலதான்டி ஏதோ இருக்கு" என்றாள் என் அக்கா. ஒரு மாதம் அவளிடம் நான் பேசவில்லை. பின்னால் யோசித்தால், அவள் சொன்னதில் கால்வாசி உண்மை. இரண்டு வருஷம் வலித்த வயிறு, சாப்பாட்டைப் பார்த்ததுமே இறுகிக்கொள்ளப் பழகியிருந்தது. வலி பொய்யில்லை, பயமும் பொய்யில்லை. மனநல ஆலோசகரிடம் நாலு தடவை போனேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல நோயாளிகளிடம், வைத்தியம் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கேட்ட ஓர் ஆய்வில், முற்றிய சிறுநீரக நோயாளிகள் சொன்ன அளவுக்குச் சீலியாக் உள்ளவர்களும் சொன்னார்கள். வெறும் சாப்பாட்டு விஷயம்தானே என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன்.

அக்கா இப்போது பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுகிறாள். கண்ணாடி இல்லாமல் படித்துத் தப்பும் விடுகிறாள்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூங்கினேன், என்ன மாத்திரை, வயிறு எப்படி என்று எழுதிவைப்பேன். டாக்டர் ஃபைலைப் புரட்டும்போது இதையும் அவர் முன்னால் வைத்துவிடுவேன். ஒன்பது வருஷம் ஆன பிறகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தக் காரணமும் புலப்படாமல் ஒரு நாள் வலிக்கிறது. சென்ற வாரம்கூட வலித்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அந்த நாளுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

வணக்கம்.