மூட்டையில் நாலைந்து நெல்மணி

சபையோருக்கு வணக்கம்.

"வன்னியில் மலையே இல்லை, பூமியின் ஈர்ப்பைப் பற்றி என்ன பேசப்போகிறீர்கள் சேர்?" என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். சரி, ஒரு மூட்டை நெல்லில் தொடங்குகிறேன்.

100 கிலோ நெல்லை இங்கே வில்தராசில் தொங்கவிட்டு நிறுங்கள். அதே மூட்டையையும் தராசையும் வடதுருவத்துக்குக் கொண்டுபோனால் அரைக் கிலோ கூடக் காட்டும். (யாபாரிமார் கப்பல் பிடிக்க வேண்டாம், படித்தராசில் இது பலிக்காது, படிக்கல்லும் அதே அளவு கூடும்.) பூமி சுழல்வதாலும் துருவத்தில் சற்றுத் தட்டையாக இருப்பதாலும் வரும் வித்தியாசம் அது. நிலத்தடிப் பாறையின் பாரம் இடத்துக்கிடம் மாறுவதால் ஈர்ப்பில் வரும் வித்தியாசம் இதைவிட மிகச் சின்னது. அதை அளக்கும் அலகு மில்லிகல். கலிலியோவின் பெயரிலிருந்து வந்தது. ஒரு மில்லிகல் மாறினால் அந்த மூட்டையில் 0.1 கிராம் மாறும். நாலைந்து நெல்மணி, அவ்வளவுதான்.

குளக்கட்டில் மூன்று நாலு மீற்றர் ஏறினாலே ஏறக்குறைய அந்த அளவு குறைந்துவிடும். அதனால் உயரத்தைக் கணக்கில் கழிக்காமல் பாறையைப் பற்றிப் பேச முடியாது.

வவுனியாவில் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் இறங்கினதும் கருங்கல் மறிக்கும். இந்தப் பழம்பாறைக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்த பெயரே 'வன்னித் தொகுதி'. மன்னார்ப் பக்கம் போகப்போக அது ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலே சுண்ணாம்புக்கல்லும் மணலும். இவை கருங்கல்லை விடப் பாரம் குறைந்தவை. 100 மீற்றர் தடிப்புக்கு ஒன்றிரண்டு மில்லிகல் குறையலாம். தரை என்னவோ தட்டையாகத்தான் கிடக்கிறது.

மலை இருந்தால் மட்டும் கணக்கு லேசா? இமயத்தின் பக்கம் அளந்தபோது மேசன்மார் பிடிக்கும் அதே தூக்குக்குண்டு, மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றிலொரு பங்குதான் சாய்ந்தது. மலைக்கு அடியில் பாரம் குறைந்த வேர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று 1855 இல் ஜோர்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் விளக்கினார்.

நமக்கோ தெற்கே இன்னொரு சங்கதி. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைவு. அங்கே கடல்மட்டம் பூமியின் சீரான கணித வடிவத்தை விட 106 மீற்றர் வரை தாழ்ந்து நிற்கிறது. காரணம் மேலோட்டுக்கும் கீழே, மிக ஆழத்தில். அந்தக் குறைவின் சாயல் நம் ஊரிலும் விழுகிறது.

ஆகவே, இங்கே அளக்கும் ஒரு எண்ணுக்குள் எல்லாம் கலந்திருக்கும். ஆழத்தில் கிடக்கும் பெரிய பாறையும் மேலே கிடக்கும் சின்னப் பாறையும் ஒரே எண்ணைத் தரலாம். பிரித்தறியத் துளை போட்டுக் கல்லைப் பார்க்க வேண்டும். உங்கள் வளவில் குழாய்க்கிணறு அடித்தபோது வந்த கல்தூளை யாராவது எறியாமல் வைத்திருக்கிறீர்களா?