ஓகே: சம்மதமா, சமாளிப்பா? சமாளிப்பே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணி நண்பர் கேட்டுவிட்டுப் போனார்: "ரெண்டே எழுத்து. 'எல்லாம் சரி'ன்னு அர்த்தம். இதுல எங்கேய்யா சமாளிப்பு?" கைதட்டலும் வாங்கினார்.

அந்த ரெண்டெழுத்தின் ஜாதகத்தைப் பார்ப்போமா? 1839 மார்ச் 23, பாஸ்டன் நாளிதழ். சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்குவது அன்றைய விளையாட்டு. 'ஆல் கரெக்ட்' அங்கே 'ஓல் கொரெக்ட்' ஆனது. முதலெழுத்துகள் 'ஓகே' ஆயின. முறைப்படி முதல் எழுத்து 'ஏ', அடுத்தது 'சி'. எல்லாம் சரி என்று சொல்லப் பிறந்த சொல்லில் ரெண்டெழுத்துமே தப்பு ஐயா!

"பழங்கதை" என்பார். 1977 மார்ச் 27-க்கு வாருங்கள். ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம், கண்ணை மறைக்கும் மூடுபனி, ஒரே ஓடுபாதையில் ரெண்டு ஜம்போ விமானம். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம்., மற்றது அமெரிக்காவின் பான் ஆம். கே.எல்.எம். விமானி, "டேக் ஆஃபில் இருக்கிறோம்", அதாவது மேலெழும் கட்டத்தில் இருக்கிறோம் என்கிறார். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னது: "ஓகே."

என்ன ஓகே? காதில் விழுந்தது என்றா, கிளம்பு என்றா? கோபுரம் தொடர்ந்தது: "காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்." அதே நொடியில் பான் ஆம் விமானி, "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்" என்கிறார். ஒரே அலைவரிசையில் ரெண்டு பேர் பேசினால் கீச்சென்ற இரைச்சல்தான் மிஞ்சும். மூன்று நொடிக்கு மேல் இரைச்சல். கே.எல்.எம். விமானி அறையில் தெளிவாக விழுந்தது ஒன்றே ஒன்று: ஓகே!

விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது, காரணங்கள் பல. ஆனால் நிறுத்தியிருக்கக்கூடிய வாக்கியம் இரைச்சலில் போனது. "அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகலையோ?" என்று உள்ளே ஒருவர் கேட்டார். விலகியாச்சு என்றார் கேப்டன். ரெண்டு விமானமும் மோதின. 583 உயிர் ஐயா.

வானொலியில் 'கேட்டேன்' என்பதற்கு 'ரோஜர்', 'செய்கிறேன்' என்பதற்கு 'வில்கோ', 'ஆம்' என்பதற்கு 'அஃபர்ம்' என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது ஓகே. இன்று அனுமதி கிடைத்தால் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். 'டேக் ஆஃப்' என்ற சொல்லே அதற்கான அனுமதியைத் தரும்போதும், ரத்து செய்யும்போதும் மட்டும்தான் வரும்.

நம் வீட்டில் யார் திருப்பிக் கேட்கிறோம்?

"முட்டிவலி எப்படிம்மா இருக்கு?"

"ஓகேதான்டா, நீ வேலையைப் பாரு."

நாம் போனை வைத்துவிட்டோம். அந்த ஓகேக்குள்ளே, ராத்திரி ரெண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் நடந்த நடை இருக்கிறது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.