வாளியில காவி, குழாயில வெள்ளை: இந்தக் கறையெல்லாம் எங்கிருந்து வருது?

வணக்கம் மக்களே! இந்த வாளியைப் பாருங்க. இருங்க, கொஞ்சம் கிட்ட கொண்டு வர்றேன்... ஆங், இப்ப தெரியுதா? உள்ள சுத்திலும் காவிக் கலர்ல ஒரு வளையம். இதே காவி என் வெள்ளைச் சட்டையிலயும் ஏறிடுச்சுன்னு ப்ளீச்ல ஊற வெச்சேன். வெளுக்கும்னு பார்த்தா, இன்னும் அழுத்தமா பிடிச்சுக்கிச்சு. அந்தச் சட்டை இப்ப பைக் துடைக்கிற துணி.

ஏன் அப்படின்னா, காவின்னா அது இரும்பு. போர்வெல்ல இருந்து வரும்போது இரும்பு தண்ணியில கரைஞ்சிருக்கும், கண்ணுக்கே தெரியாது. காத்து பட்டதும் துருவா மாறிப் படியும். ப்ளீச்சும் அதே வேலையைத்தான் இன்னும் வேகமா செய்யுது. நானே கைக்காசு போட்டு என் சட்டையில துரு ஏத்தியிருக்கேன்! லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பு கறை போட ஆரம்பிச்சிடும், அவ்வளவுதான் வேணும் அதுக்கு.

உங்க வீட்ல என்ன கதைன்னு பார்க்க, மோட்டார் ஓடும்போதே ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி பிடிச்சு ஓரமா வைங்க. தெளிவா இருந்த தண்ணி போகப் போக மஞ்சளாகி அடியில காவி தங்கினா, கரைஞ்ச இரும்பு. பிடிக்கும்போதே செவப்பா வந்தா, உள்ளயே துருவாகி வருது, இல்ல பழைய இரும்பு பைப் அரிக்குது. சுடுதண்ணிக் குழாயில மட்டும் செவப்பா? அப்ப போரைத் திட்டாதீங்க, கீசரைப் பாருங்க. ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்தா உள்ள காவியா கொழகொழன்னு இருந்தா, அது இரும்பைத் தின்னு வாழற பாக்டீரியாவா இருக்கும்.

சரி, வாளிக்கு வருவோம். வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட். கலக்கியாச்சு, ஊறட்டும். முக்கியமான விஷயம், ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒண்ணா சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. மார்பிள் மேலயும் ஆசிட் ஊத்தாதீங்க, கல்லையே அரிச்சிடும்.

குழாய் மேல வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கே, அது கால்சியம், மெக்னீசியம். உப்புக்கறைன்னு சொல்றோம், ஆனா சாப்பிடற உப்பு இல்ல. தண்ணி காய்ஞ்சாலோ சூடானாலோ படியும், அதனாலதான் கீசர் காயில்ல பட்டை பட்டையா ஏறுது. ஷவர் தலையைக் கழட்டி வினிகர்ல போட்டா கரைஞ்சிடும்.

கருப்புக் கறை மாங்கனீஸ். பச்சையும் நீலமுமா இருந்தா செம்பு பைப், பெரும்பாலும் தண்ணி அமிலத்தன்மையா இருந்து அதை அரிக்குது. பாத்ரூம் ஓரத்துல ரோஸ் கலர் வழவழப்பு மட்டும் பெரும்பாலும் தண்ணியோட தப்பில்ல, காத்துல வர்ற பாக்டீரியா. தேய்ச்சுக் கழுவி, ஈரம் தங்காம வெச்சா போதும். இதுக்கு ஃபில்டர் வாங்கி மாட்டினா காசுதான் போகும்.

இப்ப தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின். கடைக்காரர் டிடிஎஸ் மீட்டரை முக்கி எடுத்து, 'பாருங்க சார், 600' அப்படின்னு பயமுறுத்துவார். அது மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு ஒரு கணக்குதான், எது கரைஞ்சிருக்குன்னு சொல்லாது. கறை போட 0.3 மில்லிகிராம் இரும்பு போதும்னு சொன்னேன்ல, அந்த 600 மில்லிகிராம்ல அதை எங்க போய்த் தேடறது? லேப்ல கொடுத்து கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீஸ், பிஹெச் (அமிலத்தன்மையோட அளவு), இந்த நாலையும் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

வெள்ளைக் கறைக்கு சாஃப்ட்னர். உள்ள இருக்கிற ரெசின், அதாவது குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மணிகள், கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். அது நிறைஞ்சதும் உப்புத் தண்ணியால கழுவி மறுபடி தயார் பண்ணணும். கரைஞ்ச இரும்பு கொஞ்சமா இருந்தா இதுவே சமாளிக்கும். துருவா வர்ற இரும்பு ரெசினையே அடைச்சிடும். அதனால இரும்பு அதிகம்னா முதல்ல அயர்ன் ஃபில்டர், அதுக்குப் பின்னாடிதான் சாஃப்ட்னர். அயர்ன் ஃபில்டர் செய்யறது பெரிய மாயமெல்லாம் இல்ல, இரும்பை வேணும்னே துருவாக்கி வடிகட்டிடும். என் சட்டையில நடந்தது டேங்குக்குள்ள நடக்குது, அவ்வளவுதான்! அப்பப்ப பேக்வாஷ் விடணும், அதாவது தண்ணியைத் தலைகீழா ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவணும், மறந்தா அதுவே அடைச்சுக்கும். சமையலறை ஆர்.ஓ. குடிக்கிற தண்ணிக்குத்தான், அதை வெச்சு பாத்ரூம் கறையைப் போக்க முடியாது.

முக்கால் மணி நேரம் கழிச்சு கேமராவை மறுபடி ஆன் பண்ணியிருக்கேன். பாருங்க, வளையம் கிட்டத்தட்ட போயிடுச்சு, அடியில மட்டும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. இன்னொரு ஸ்பூன் போடறேன். சட்டையையும் இதுலயே முக்கிப் பார்க்கலாமா?