மைதானம் கட்டாத ஊர்கள்

அவையோருக்கு வணக்கம். விளையாட்டுச் சுற்றுலா என்று பேச்செடுத்தாலே, மைதானம் கட்ட எத்தனை கோடி ஆகும் என்றுதான் நம் உள்ளாட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். மைதானமே கட்டாமல் ஆட்களை வரவழைத்த ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்து ஒனோமிச்சிக்கும் எஹிமே மாகாணத்து இமாபரிக்கும் நடுவே ஆறு தீவுகள். இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, முதியவர்கள் மிஞ்சிய தீவுகள். 1999இல் இரு கரைகளையும் பாலங்கள் இணைத்தன. கார்கள் நிற்காமல் பறந்தன. படகுத்துறைகள் பல வெறிச்சோடின. ஆனால் அந்தப் பாலங்களில் சைக்கிளுக்கும் ஒரு பாதை விட்டிருந்தார்கள். ஷிமனாமி கைடோ என்ற அந்த வழியைத்தான் உள்ளாட்சிகள் பிடித்துக்கொண்டன.

சாலையோரம் நெடுக ஒரு நீலக் கோடு போட்டார்கள். ஊர் போய்ச் சேர இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்பதும் தரையிலேயே எழுதியிருக்கும். பாலத்துக்கு ஏறும் வளைபாதைகளின் சரிவு சுமார் 3 சதவீதம்தான். மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். ஒனோமிச்சியில் எடுத்த வாடகை சைக்கிளை இமாபரியில் விட்டுவிடலாம். கால் வலித்தால் இடையில் ஒரு தீவிலும் விடலாம். அற்பமாகத் தெரிகிறதா? இரண்டு மாகாணத்து ஊர்கள் ஒரே சைக்கிளுக்குக் கணக்குப் பார்க்க ஒத்துக்கொள்ள வேண்டுமே! நம் பக்கத்தில் இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் எரியாமல் நிற்கும் தெருவிளக்கை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குறுக்குக் கம்பி. பந்தய சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. சுவரில் சாய்த்தால் கீறல் விழும் என்று அதன் சொந்தக்காரர் இறங்கவே மாட்டார். அதனால் கடை வாசல்களில் இருக்கையை மாட்டிவைக்க ஒரு கம்பி வைத்தார்கள். தண்ணீரும் கழிவறையும் காற்றடிக்கும் பம்பும் தரும் இடங்களும் வழியில் உண்டு. ஆள் இறங்கினால்தானே இகுச்சி தீவின் எலுமிச்சை ஐஸ்கிரீம் விற்கும்?

ஆனால் ஐஸ்கிரீம் காசு ஊரைத் தூக்கி நிறுத்தாது. மொத்தமே சுமார் 70 கிலோமீட்டர். பழகியவர் காலையில் கிளம்பி மாலைக்குள் முடித்துவிடுவார். அவரை இரவு தங்கவைக்க வேண்டும். ஒனோமிச்சித் துறைமுகத்தில் பழைய சரக்குக் கிடங்கு ஒன்று இருந்தது. 2014இல் அது விடுதியானது. அங்கே சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை. அறைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத் தூங்கலாம்.